கூட்டம் கூடினாலே ஆபத்தான ஊரில் நாடகம்: போர்க்கால யாழ்ப்பாணத்து அரங்கு எப்படிப் பிழைத்தது?

நாடகம் என்றால் முதலில் ஆட்கள் ஓரிடத்தில் கூட வேண்டும். நடிப்பவர்கள் வாரக்கணக்கில் கூட வேண்டும், பார்ப்பவர்கள் ஒரு மாலையாவது கூட வேண்டும். கவிதையைத் தனியாக உட்கார்ந்து எழுதி மடித்து வைத்துவிடலாம். நாடகத்தை அப்படி ஒளித்து வைக்க முடியாது. 1983ல் அரசுக்கும் தமிழ்ப் போராளிகளுக்கும் போர் மூண்ட பிறகு இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நாலு இளைஞர்கள் சந்தியில் சேர்ந்து நின்றாலே வில்லங்கம். ஊரடங்கு, சுற்றிவளைப்பு, முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நிறுத்தப்படுதல், பிடித்துப்போன பிள்ளை எந்த முகாமில் என்று தெரியாமல் அலையும் தாய்மார். ஈழத்துத் தமிழ் நாடகம் தன் மிக வலுவான படைப்புகள் சிலவற்றைக் கொடுத்தது இந்தக் காலத்தில்தான். இது தற்செயலாக நடந்ததில்லை. அதற்குப் பின்னால் பல வருடத் தயாரிப்பு இருந்தது, குறிப்பிட்ட சில காரணங்கள் இருந்தன.

1985ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை மேடையேற்றினார்கள். எழுதியவர் குழந்தை ம. சண்முகலிங்கம், நெறியாள்கை க. சிதம்பரநாதன். பல்கலைக்கழகத்தோடு அது நிற்கவில்லை. குடாநாட்டின் ஊர்களுக்குப் போனது, திரும்பத் திரும்ப ஆடப்பட்டது. ஜனங்கள் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஈழத்து நாடகம் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பெயருக்கு வந்து சேர்வார்கள்.

அதில் தனி நாயகன் கிடையாது, ஊர்தான் பாத்திரம். எடுத்துரைஞர்களும் பாடகர் குழுவும் கதையை நகர்த்துவார்கள். மேடையில் வீடும் இல்லை, கதவும் இல்லை, சோபா செட்டும் இல்லை. இந்த வகை நாடகத்தில் ஐந்தாறு பேர் கைகோர்த்து நின்றால் அது வேலி. அதே ஆட்கள் குனிந்து நிமிர்ந்தால் வயல், முதுகைக் காட்டி விறைத்து நின்றால் காவலரண். ஒருவர் 'உறைநிலை'யில் அசையாமல் நின்றுகொண்டிருக்க, பக்கத்தில் இன்னொருவர் அவர் மனதில் ஓடுவதைப் பாடுவார். சற்று முன் அப்புவாக நடித்த பையன் அடுத்த கணம் சிப்பாயாகி விடுவான், யாரும் குழம்ப மாட்டார்கள். யாழ்ப்பாணத்து நாடகக்காரர்கள் இதை 'மோடியுற்ற' முறை என்பார்கள். கலை சார்ந்த தேர்வுதான் அது. ஆனால் அதில் நடைமுறை வசதியும் இருந்தது. அரங்கப் பொருட்கள் இல்லாத நாடகத்தைச் சைக்கிளில் கொண்டுபோகலாம். முற்றம், பள்ளிக்கூட மண்டபம், கோயில் வீதி என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஆடலாம். நடிகர் ஒருவர் வராமல் போனாலும், போர்க்காலத்தில் அது அடிக்கடி நடக்கக்கூடியதுதான், குழுவில் இன்னொருவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். பெரிய செட்டும் நட்சத்திர நடிகரும் வேண்டிய நாடகமாக இருந்திருந்தால் முதல் குண்டுவீச்சோடு முடிந்திருக்கும்.

சண்முகலிங்கம் தன் நாடகங்களுக்கு வைத்த பெயர்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு சங்கதி பிடிபடும். அவர் பெயரைத் தேடியது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த பாட்டில்.

'மண் சுமந்த மேனியர்' என்றதுமே யாழ்ப்பாணத்துச் சைவக் காதுக்குத் திருவாசகம் கேட்டுவிடும். 'மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு புண்சுமந்த பொன்மேனி' என்று மாணிக்கவாசகர் பாடும் அம்மானை அது. வைகைக் கரை அடைக்கப் பிட்டுக்கு மண் சுமந்த சிவனைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான், அந்த அடி அரசன் முதுகு உட்பட எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது. கோயிலில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த கிழவிக்கு நாடகம் என்ன சொல்ல வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. உழைத்துக் கூலி வாங்கும் உடம்பு, அந்த உடம்பில் அரசன் போட்ட புண், ஒருவனுக்கு விழுந்த அடி எல்லோருக்கும் விழுந்த அடி. மூன்றும் அந்தத் தலைப்பிலேயே இருக்கின்றன.

1991ல் எழுதிய நாடகம் 'அன்னை இட்ட தீ'. தாயின் சிதைக்கு முன் பட்டினத்தார் பாடியது: 'முன்னை இட்ட தீ முப்புரத்திலே, பின்னை இட்ட தீ தென்னிலங்கையில், அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே.' தென்னிலங்கையில் வைத்த தீயும் தாய் அடிவயிற்றில் வைத்த தீயும் ஒரே பாட்டில் வருகிறது. அந்த வருடத்தில் யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தால் உடம்பு சிலிர்க்கிறது. அப்புறம் 1992ல் 'எந்தையும் தாயும்'. பாரதி பாடியது, எந்தையும் தாயும் மகிழ்ந்து குலாவி இருந்த நாடு. நாடகத்தில் வருவதோ, பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட, பெரிய வீட்டில் தனித்துக் கிடக்கும் அப்பாவும் அம்மாவும்.

இதை வெறும் இலக்கிய அழகு என்று விட்டுவிடக் கூடாது. இலங்கையில் நாடகம் போட முன்கூட்டியே பிரதியைக் காட்டி அனுமதி வாங்கும் முறை பிரிட்டிஷ் காலத்துச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வந்தது. அதன் மேல் 1979ல் பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும் வந்து உட்கார்ந்தன. சொல்ல வேண்டியதை நேராகச் சொன்னால் எழுதியவருக்கும் நடித்தவருக்கும் கேட்டவருக்கும் ஆபத்து. பாதியை நாடகக்காரன் சொல்ல, மீதியைப் பார்ப்பவர்களே நிரப்பிக்கொள்ளும்படி வைத்தால்? எழுத்தில் இருப்பது ஒரு பக்திப் பாட்டு. அதற்கு அர்த்தம் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஐந்நூறு பேர் தலைக்குள் விரியும். அதைத் தணிக்கை செய்ய முடியாது. பழைய பாட்டுகளை நன்றாகத் தெரிந்த ஒரு சமூகம் இருந்ததால்தான் இது சாத்தியமானது.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1960களின் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். 1956ல் சிங்களத்தில் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' வந்தது. கிராமத்து ஆட்டத்தை எடுத்து நவீன மேடைக்குக் கொண்டுவந்த அந்த நாடகம் தமிழர்களையும் உசுப்பிவிட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின் பக்கம் திரும்பினார். கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவியார்களை வைத்துக்கொண்டு, பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கி, விடிய விடிய வட்டமான திறந்த களரியில் ஆடும் கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் சுருக்கி மேடையேற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்', 'வாலிவதை' எல்லாம் அப்படி வந்தவை. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அடுத்த தலைமுறையை உருவாக்கிய பேராசிரியர். 'கூத்தாடி' என்று ஏளனமாகப் பேசப்பட்ட கலைக்குப் படித்தவர்கள் மத்தியில் ஒரு மரியாதை கிடைத்தது.

இதில் சாதியைச் சொல்லாமல் போனால் கதை பொய்யாகிவிடும். கூத்தை ஆடிக் காப்பாற்றியவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் சாதிகளைச் சேர்ந்தவர்கள். மேல்தட்டு அதை ரசித்தது, ஆடியவனைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியது. 1968ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடக் கேட்டு அமர்ந்தார்கள், அடிபட்டார்கள். அந்தப் போராட்டத்தை வைத்து என்.கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் குழு காத்தவராயன் கூத்து மெட்டில் மேடைக்குக் கொண்டுவந்தது. மெட்டைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. காத்தவராயன் கதையே சாதி மீறிக் காதலித்துக் கழுமரம் ஏறியவனின் கதை. ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமான அந்த இராகத்தில் கோயில் கதவைப் பற்றிக் கேட்டால், கேட்பவன் காதைப் பொத்திக்கொள்ள முடியாது. 1985ல் யாழ்ப்பாண மேடை இராணுவத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பதினைந்து வருடத்துக்கு முன்பே, தன் சமூகத்தைப் பார்த்தே கேள்வி கேட்கப் பழகியிருந்தது. அதனால்தான் போர் வந்தபோதும் அங்கே வந்த நல்ல நாடகங்கள் எதிரியைத் திட்டுவதோடு நிற்கவில்லை என்று நினைக்கிறேன். சீதனம், வெளிநாட்டு மோகம், 'என் பிள்ளை தப்பினால் போதும்' என்கிற மத்தியதர மனம், எல்லாவற்றையும் தொட்டன.

1978ல் சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். கல்லூரி என்றதும் கட்டடம், வாசல் கதவு என்று கற்பனை செய்ய வேண்டாம், அது ஒரு கூட்டு. ஆசிரியர்கள், வங்கி வேலை பார்ப்பவர்கள், மாணவர்கள் மாலையில் சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். கொழும்பில் நாடக டிப்ளோமா படித்துவிட்டு வந்தவர்கள் அங்கே கற்றதைப் பகிர்ந்தார்கள். ஏ. தாசீசியஸ் போன்றவர்கள் நடத்திய களப்பயிற்சிகளில் உடம்பையும் குரலையும் பழக்கும் முறை புதிதாக வந்தது. வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது போய், விளையாட்டில் தொடங்கி நடிப்பில் முடிகிற வழி.

ஏறக்குறைய அதே காலத்தில்தான் 'நாடகமும் அரங்கியலும்' பல்கலைக்கழகம் போக எழுதும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பாடமாகவும் வந்தது. பாடத்திட்டம் என்பது படிக்கச் சலிப்பான விஷயம். ஆனால் ஈழத்து நாடகம் போரில் செத்துப்போகாததற்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். பரீட்சைப் பாடம் என்றால் அதற்கு ஆசிரியர் வேண்டும், ஆசிரியருக்குப் பட்டப்படிப்பு வேண்டும், மாணவருக்கு நாடகப் பிரதி வேண்டும், செய்முறைக்கு மேடையேற்றமும் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கா. சிவத்தம்பி போன்றவர்கள் நாடகத்தை ஒரு படிப்பாக நிலைநிறுத்தினார்கள். ஊர் ஊராக இடம்பெயர்ந்தாலும் பள்ளிக்கூடம் ஏதோ ஒரு மரத்தடியில் நடக்கும், பரீட்சையும் நடக்கும். யாழ்ப்பாணத்தில் பரீட்சையை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதன் தோளில் ஏறி நாடகமும் போனது. சண்முகலிங்கத்தின் நாடகங்கள் பல பள்ளிப் பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்டவை. இதன் பக்கவிளைவு ஒன்று: கூத்தில் பெண் வேடத்தையும் ஆணே கட்டிய காலம் போய், பெண்கள் பாடசாலை மேடைகளில் சிறுமிகளே அப்பாவாகவும் மகனாகவும் சிப்பாயாகவும் நின்றார்கள். மகளுக்கு 'நாடகமா?' என்று முகம் சுளிக்கும் அப்பா, 'பள்ளிக்கூட நாடகம், தமிழ்த் தினப் போட்டி' என்றால் சரி என்றுவிடுவார்.

1990ல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. வருடக்கணக்கில் வரவில்லை. மண்ணெண்ணெய், பேட்டரி, சவர்க்காரம் என்று ஒரு நீண்ட பட்டியலுக்குப் பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஒலிபெருக்கியும் மேடை விளக்கும் அந்த ஊரில் பேச்சுக்கே இல்லை. நாடகம் பகல் வெளிச்சத்துக்கும், கிடைத்தால் ஒரு பெற்றோமக்ஸுக்கும் தன்னைச் சுருக்கிக்கொண்டது. கூத்துக்காரர்கள் காலம் காலமாகப் பந்தத்திலும் வெறும் குரலிலும் ஆடியவர்கள்தானே. அந்தக் குரலும் அந்த மத்தளமும் திரும்ப வேலைக்கு வந்தன.

இந்தக் காலத்து நாடகங்களில் சத்தம் குறைந்து வலி கூடியிருப்பதைக் கவனிக்கலாம். 'எந்தையும் தாயும்' போர்க்களத்தைக் காட்டவே இல்லை. கடிதத்துக்குக் காத்திருப்பது, மூட்டுவலி, சமைக்க ஆள் இல்லாமை, கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி அக்கம்பக்கத்தில் பெருமை பேசிவிட்டு உள்ளே வந்து விம்முவது. இந்த உலகம்தான் நாடகம். போர் ஒரு சமூகத்தை எப்படிக் காலி செய்கிறது என்பதை ஒரு துப்பாக்கிகூட இல்லாமல் சொன்ன நாடகம் அது. இன்றைக்கு அதைத் தமிழ்நாட்டில் ஆடினாலும், பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் பெற்றோர்கள் தங்களை அதில் பார்ப்பார்கள்.

'அன்னை இட்ட தீ' இன்னும் கடினமான இடத்துக்குப் போனது. போரால் மனம் உடைந்தவர்களைப் பற்றிய நாடகம் அது. யாழ்ப்பாணத்தில் அப்போது மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் மனதில் விட்ட காயங்களைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். 'மனவடு' என்ற பேச்சு ஊருக்குள் வரத் தொடங்கியது. பைத்தியம் என்று மூடி வைத்ததை மேடையில் வைத்துப் பேச வைத்தது பெரிய துணிவு. தமிழ்ச் சாவுவீட்டில் அழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பறை இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது, எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் சடங்குகள் இருக்கின்றன. உடல் கிடைக்காதவனுக்கு எப்படி எட்டுச் செய்வது? காணாமல் போன பிள்ளைக்காக அழுதால் செத்துவிட்டான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே என்று பயந்து அழாமல் இருந்த தாய்மார் ஆயிரக்கணக்கில். நாடகத்தில் இன்னொரு தாய் அழும்போது இவளும் சேர்ந்து அழலாம், எதையும் ஒத்துக்கொள்ளாமலே. சிதம்பரநாதன் இந்தத் திசையில் மேலும் போனார். மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவில் இருக்கும் கோட்டை அழித்து, வந்தவர்கள் எல்லோரும் விளையாடி, பாடி, தங்கள் கதையைச் சொல்லி ஆடும் சடங்கு போன்ற அரங்கைத் தேடினார்.

1993 கோடையில் முற்றுகையில் இருந்த பொஸ்னியத் தலைநகர் சராயெவோவில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெக்கெட்டின் நாடகத்தை மேடையேற்றியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதுதான். ஆனால் அதே மாதங்களில் அதே போல மின்சாரம் இல்லாத இன்னொரு முற்றுகை ஊரில், வெளியிலிருந்து எந்தப் பிரபலமும் வராமல், உள்ளூர் ஆசிரியர்களும் பிள்ளைகளும் தங்கள் நாடகத்தைத் தாங்களே எழுதி ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கே கேமரா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கூட்டம் கூட்டும் வல்லமை ஒரு கலைக்கு இருந்தால், ஆயுதம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதன் மேல் கண் வைப்பார்கள். அரசு மட்டும் இல்லை. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. செல்வி என்று அறியப்பட்ட செல்வநிதி தியாகராசா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த மாணவி, கவிஞர். 'தோழி' என்ற பெண்கள் இதழை நடத்தியவர். பெண்களின் நிலை பற்றி நாடகம் செய்தவர். 1991 ஆகஸ்ட் 30 அன்று புலிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். 1992ல் எழுத்தாளர்களின் பென் (PEN) அமைப்பின் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் சிறையில் இருந்தார். திரும்பி வரவே இல்லை, கொல்லப்பட்டார். ஈழத்து நாடகத்தின் பெருமையைப் பேசும் கட்டுரைகள் பல இவர் பெயரைத் தாண்டிப் போய்விடுகின்றன. தாண்டக் கூடாது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டபோதும், 'இது என்ன நியாயம்' என்று மேடையில் ஏறி நேராகக் கேட்கும் வெளி அங்கே மிஞ்சியிருக்கவில்லை. தன் சமூகத்தைக் கேள்வி கேட்டுப் பழகிய அரங்கு, தன் சமூகத்தின் ஆயுதத்துக்கு முன்னால் குரலைத் தாழ்த்த வேண்டியிருந்தது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது. அந்த இடத்தில் உயிரோடு இருந்து நாடகம் போட்டவர்களைக் குற்றம் சொல்லும் உரிமை தூரத்தில் இருக்கும் நமக்கு இல்லை. ஆனால் நடந்ததை மறைக்கும் உரிமையும் இல்லை.

மாணவர்கள் கண்டுபிடித்த அதே வடிவத்தை இயக்கமும் எடுத்துக்கொண்டது. புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம் தெருவெளி நாடகங்களையும் கூத்துகளையும் ஊர் ஊராக நடத்தியது. ஆள் சேர்ப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அரங்கப் பொருள் வேண்டாம், நடிகர் உடம்பே போதும், பார்ப்பவரை உள்ளே இழு என்ற அதே உத்திகள்தான். சிந்திக்க வைக்கவும் அவை உதவின, சிந்திக்க விடாமல் இழுத்துப் போகவும் உதவின. 2001 ஜனவரியில் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, தமிழர் உரிமை கேட்ட 'பொங்கு தமிழ்' பேரெழுச்சியின் பின்னாலும் அரங்கக்காரர்களின் கை இருந்தது. பெரும் கூட்டத்தை ஒரு நிகழ்வாக வடிவமைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தானே.

இவை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வேறொரு பாதையும் ஓடிக்கொண்டிருந்தது. மரிய சேவியர் அடிகள் 1965ல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் வருடா வருடம் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளின் நாடகத்தை மேடையேற்றியது. சிலுவை சுமந்து போகும் மகனின் பின்னால் அழுதுகொண்டு வரும் தாயைக் காட்ட அந்த ஊரில் பெரிய நடிப்பு தேவைப்பட்டிருக்காது. 'கலைமுகம்' இதழையும் அவர்கள் நடத்தினார்கள்.

கிழக்கின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது, இரண்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். 1996ல் மட்டக்களப்பில் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' தொடங்கியது. போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகள், தமிழரும் முஸ்லிம்களுமாக, அங்கே வந்து களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், ஆடினார்கள். இரண்டாவது, 2000களில் மட்டக்களப்பின் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் நண்பர்களும் ஊர் மக்களோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம். பேராதனையில் செய்தது போலக் கூத்தை ஊரிலிருந்து எடுத்து நகரத்து மேடைக்குச் சுருக்காமல், அதன் களரியிலேயே வைத்து, அண்ணாவியாரும் ஆடுபவர்களும் உட்கார்ந்து பேசி, பெண்களையும் சாதியையும் இழிவு செய்யும் இடங்களை அவர்களே மாற்றினார்கள். விடிய விடிய ஆடும் கூத்து அப்படியே இருந்தது, உள்ளே இருந்த பார்வை மாறியது. வித்தியானந்தன் வழி பெரியதா இது பெரியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவது வழி கடினமானது, அதிகம் பேசப்பட வேண்டியது. ஊரின் நெருக்கடியை ஊரே பேசித் தீர்க்க ஒரு களத்தைக் கொடுக்கிறது அது.

தெற்கிலும் நாடகக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடவில்லை. மேடை நடிகரும் பத்திரிகையாளருமான ரிச்சர்ட் டி சொய்சா 1990 பிப்ரவரியில் கடத்திக் கொல்லப்பட்டார். தர்மசிறி பண்டாரநாயக்க, போர் உச்சத்தில் இருந்தபோது பழைய கிரேக்க நாடகாசிரியர் யுரிப்பிடீஸின் 'ட்ரோய் நகரப் பெண்கள்' நாடகத்தைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்து போரில் தோற்றவர்களின் தாய்மாரைப் பேச வைத்தார். பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் உருவாக்கிய 'மக்கள் களரி' என்ற நடமாடும் அரங்கில் சிங்கள, தமிழ் நடிகர்கள் ஒரே கூடாரத்தில் வாழ்ந்து இரண்டு மொழியிலும் நடித்தார்கள்.

2002 போர்நிறுத்தமும் 2004 ஆழிப்பேரலையும் வெளிநாட்டு நிதியைக் கொண்டுவந்தன. நாடகக்காரர்களுக்கு முதல் தடவையாகச் சம்பளம் கிடைத்தது. கண்ணிவெடி, கைகழுவுதல், குடி, வீட்டு வன்முறை என்று விழிப்புணர்வு நாடகங்கள் ஊர் ஊராகப் போயின. கண்ணிவெடி நாடகம் பார்த்து ஒரு பிள்ளையின் கால் தப்பியிருந்தால் அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் திட்ட அறிக்கையில் எழுதக்கூடிய கேள்விகளை மட்டும் கேட்க நாடகம் பழகிவிட்டது. முடிவு முன்கூட்டியே தெரிந்த நாடகத்தில் பார்ப்பவர்களுக்கு நிரப்ப எதுவும் மிஞ்சுவதில்லை. 1985ல் இந்த அரங்கின் உயிர் இருந்த இடம் அந்த மீதிப் பாதியில்தான். நிதி நின்றதும் குழுக்கள் பல கலைந்தன.

போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு நிலைமை வேறு மாதிரி இறுகியது. நினைவுகூரக் கூடுவதே பல வருடம் கண்காணிப்புக்கும் தடைக்கும் உள்ளானது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள், பெரும்பாலும் தாய்மார், தெருவில் உட்கார்ந்து தொடர் போராட்டம் தொடங்கினார்கள். இத்தகைய காலத்தில் அரங்கு என்ன செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழக மாணவர்களும், செயல் திறன் அரங்க இயக்கம் போன்ற குழுக்களும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

சண்முகலிங்கம் 2025 ஜனவரியில் தன் 93ஆவது வயதில் யாழ்ப்பாணத்தில் காலமானார். ஈழத்து நாடகப் பிரதிகள் பல 2005லிருந்து இயங்கும் 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் யாரும் வாசிக்கக் கிடைக்கின்றன. பிரதி இருக்கிறது, ஆற்றுகை இல்லை. அந்த நாடகங்களில் எந்த வரிக்கு எப்படி அசைந்தார்கள், எந்த மெட்டில் பாடினார்கள், ஊரடங்கு நேரத்துக்குள் எப்படி முடித்தார்கள், எந்த இடத்தில் கூட்டம் அழுதது என்பதெல்லாம் ஆடியவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. 1985ல் இருபது வயதில் மேடையேறிய மாணவர்களுக்கு இப்போது அறுபது வயது. பலர் டொரண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நாடகம் படிக்கும் மாணவர்கள் ஆளுக்கு ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒரு கைபேசியை முன்னால் வைத்து, பாடிக் காட்டச் சொல்லிப் பதிவு செய்யலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், இந்த வருடமே தொடங்கலாம்.